எம்.எஸ். நோயும் தொழில்வழிச் சிகிச்சையும் – ஓர் அனுபவப் பாடம்



நம் இதழில் மருத்துவக் கட்டுரை எழுதுபவர்கள் பெரும்பாலும் மருத்துவர்கள். நான் மருத்துவர் அல்லள். தாராவியில் பிறந்து, மாட்டுங்காவில் படித்து, செம்பூரில் குடித்தனம் நடத்துபவள். இருபத்தேழு ஆண்டுகள் வங்கியில் எழுத்தராக இருந்து 2019-இல் விருப்ப ஓய்வு பெற்றேன். மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் என்னும் நரம்பு நோயோடு ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக வாழ்ந்து வருகிறேன். அந்த ஒரு தகுதியை நம்பியே இதை எழுதத் துணிந்தேன்.

இந்நோய் வந்தவர்களைப் பார்க்க வருபவர்கள் தவறாமல் சொல்லிப் போகும் வார்த்தை ஒன்று உண்டு. "மனசைத் தளரவிடாதீங்க" என்பார்கள். நல்லெண்ணத்தோடு சொல்வதுதான். ஆனால் தளரவிடாமல் இருப்பது எப்படி என்று யாரும் சொல்வதில்லை. அதைச் சொல்லித்தரவே ஒரு துறை இருக்கிறது. அதற்கு ஆக்குபேஷனல் தெரபி என்று பெயர். தமிழில் தொழில்வழிச் சிகிச்சை எனலாம். இந்தியாவில் இத்துறைக்கான முதல் பள்ளி நாம் குடியிருக்கும் இந்த மும்பையில்தான் தொடங்கியது. இருந்தும் நம்மவர்களில் பலருக்கு இதன் பெயர்கூடத் தெரியாது. 2008 வரை எனக்கும் தெரியாது.

நோய் என்ன?

மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பு இழைகளின் மேல் மயலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. மின்கம்பிக்கு மேலுறை எப்படியோ அப்படி. கிருமிகளை எதிர்க்க வேண்டிய நம் உடலின் காவற்படையே தவறாக இந்த உறையைத் தாக்கி அரிப்பதுதான் இந்நோய். உறை போன இடத்தில் செய்தி தாமதமாகப் போகும். சில வேளை போகாமலே நின்றுவிடும். 1868-இல் பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ இதைத் தனி நோயாக வரையறுத்தார். சுருக்கமாக எம்.எஸ். என்பார்கள்.

எந்த நரம்பில் தாக்குதலோ அதற்கேற்ப அறிகுறி மாறும். ஒரு கண் மங்கலாம், கால் மரத்துப்போகலாம், கை நடுங்கலாம், சிறுநீரை அடக்க முடியாமல் போகலாம், பேச்சில் சொல் தட்டுப்படாமல் நிற்கலாம். பெரும்பாலும் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதில் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். பலருக்கு நோய் வந்து வந்து போகும். நாளடைவில் சிலருக்குப் போகாமல் தங்கிவிடும். தொற்றுநோய் அன்று.

2023 கணக்கின்படி உலகில் ஏறத்தாழ 29 லட்சம் பேருக்கு இந்நோய் உண்டு. 'இது வெள்ளைக்காரர் நோய், நமக்கு வராது' என்று ஒருகாலத்தில் எண்ணினார்கள். மும்பைப் பார்சி மக்களிடையே நடந்து 1988-இல் வெளியான ஆய்வு, லட்சத்துக்கு இருபதுக்கு மேற்பட்டோருக்கு இந்நோய் இருப்பதைக் காட்டியது. மங்களூரில் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில் லட்சத்துக்கு எட்டுப் பேருக்குச் சற்று மேல் என்று தெரிந்தது. எம்.ஆர்.ஐ. படம் எடுக்கும் வசதி பெருகப் பெருக, முன்பு பெயர் தெரியாமல் போனவை இன்று கண்டுபிடிக்கப்படுகின்றன.

என் கதை

எனக்கு 2003-இல் இடக்கண் மங்கியது. கண்ணை உருட்டினால் வலித்தது. கண்ணாடி மாற்றிக் கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் பார்வை திரும்பியது, மறந்துவிட்டேன். 2005 ஜூலை 26-ஆம் நாள் மும்பை வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிய நாள். தாதரிலிருந்து செம்பூர் வரை இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வந்தேன். அதன்பின் ஒரு மாதம் வலக்கால் கல்லைக் கட்டியது போல் கனத்தது. "அன்னைக்கு நடந்த நடைக்கு யாருக்குத்தான் கால் வலிக்காது" என்றார்கள். நானும் அப்படியே நம்பினேன். வேறோர் இடத்தில் நரம்புத் தளர்ச்சி என்று டானிக் எழுதிக் கொடுத்தார்கள். 2006 ஜனவரியில் இரண்டு கால்களும் மரத்தபோதுதான் எம்.ஆர்.ஐ. எடுத்து நோயின் பெயரைச் சொன்னார்கள்.

மருந்து தொடங்கியது. திடீரென்று நோய் பெருகும்போது சில நாள் ஸ்டீராய்டு மருந்தை இரத்தக் குழாய் வழியாக ஏற்றுவார்கள். நோய் அடிக்கடி திரும்பாமல் தடுக்கும் மருந்துகள் வேறு. இவ்வகையில் முதல் மருந்தான இன்டர்ஃபெரான் 1993-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்று இன்னும் பல வந்திருக்கின்றன. எந்த மருந்து யாருக்கு என்பதை நரம்பியல் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

மருந்து நோயைப் பார்த்துக்கொண்டது. என் நாளைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை.

எம்.எஸ். நோயாளிகளில் பெரும்பாலோரை வாட்டுவது அசதி. வேலை செய்து வரும் களைப்பு போன்றதன்று இது. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும், பல் துலக்கி முடிப்பதற்குள் உடம்பில் இருந்ததெல்லாம் வடிந்துபோனது போல் இருக்கும். வெளியே எதுவும் தெரியாது. காய்ச்சல் இல்லை, கட்டு இல்லை, முகமும் வாடவில்லை. என் தாயாரே, "என்னட்டி, பொழுது விடிஞ்சும் படுத்துக் கெடக்க? மாமியா வீட்டுல என்ன நினைப்பாவ?" என்று கேட்டார்கள். நோயின் பெயரைத் தாயாருக்கும் சொல்லவில்லை. வீட்டில் என் கணவர் ஒருவருக்கே தெரியும். ஒரு மகள் இருக்கிறாள். நாளைக்கு அவளுக்கு வரன் பார்க்கும்போது 'தாய்க்கு நரம்பு நோய்' என்ற பேச்சு குறுக்கே வரக்கூடாது என்று மறைத்தேன்.

மறைக்க வேண்டுமென்றால் முன்போலவே எல்லாம் செய்ய வேண்டும். எங்கள் கட்டடத்தில் அப்போது காலை ஐந்தரை முதல் ஏழு வரைதான் தண்ணீர் வரும். குடம் குடமாகப் பிடித்து வைப்பேன். மாவு அரைப்பேன். சமைத்து, டப்பா கட்டி, கூட்ட நேர ரயிலில் நின்றுகொண்டே அலுவலகம் போவேன். பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டரை ஆண்டுகள் ஓட்டினேன். 2008-இல் ஒரு நாள் சாதம் வடிக்கும்போது கை பிடிவிட்டது. கொதிக்கும் கஞ்சி காலில் கொட்டியது. கால் மரத்திருந்ததால் சூடு உடனே தெரியவில்லை. மகள் ஓடிவந்து அலறிய பிறகே குனிந்து பார்த்தேன்.

அந்தப் புண் ஆறும் முன்பே மருத்துவர் என்னை மாநகராட்சி மருத்துவமனை ஒன்றின் தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினார்.

தொழில் என்றால் என்ன?

'தொழில்வழி' என்றதும், கூடை முடையவோ தையல் தைக்கவோ சொல்லித்தருவார்கள் என்றுதான் நினைத்தேன். இத்துறை அமெரிக்காவில் 1917-இல் சங்கமாக உருவான காலத்தில் கைத்தொழிலுக்கு அதில் பெரிய இடம் இருந்தது உண்மை. ஆனால் இங்கே தொழில் என்பது பிழைப்பு என்ற பொருளில் வருவதன்று. நாம் பள்ளியில் இலக்கணத்தில் தொழிற்பெயர் படித்தோமே: உண்ணல், நடத்தல், குளித்தல், எழுதுதல். அந்தத் தொழில்தான் இது. காலை எழுந்ததிலிருந்து இரவு படுக்கும் வரை ஒரு மனிதர் செய்யும் ஒவ்வொரு செயலும் தொழில். நோய் அதில் எதைப் பறிக்கிறது, பறித்ததை வேறு வழியில் எப்படித் திரும்பப் பெறுவது என்று பார்ப்பதே இச்சிகிச்சை. பிசியோதெரபி காலுக்கு வலுவூட்டும். இவர்கள் அந்தக் கால் எங்கே போக விரும்புகிறது என்று கேட்பார்கள்.

இதை இந்தியாவுக்குக் கொண்டு வந்தவர் திருமதி கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் எலிசபெத் லண்டி என்ற பெயரில் பிறந்து, இந்தியரை மணந்து, இந்நாட்டையே தம் நாடாகக் கொண்டவர். நடுவயதில் மீண்டும் மாணவியாகி அமெரிக்காவில் இக்கல்வியைக் கற்றார். 1950-இல் பரேல் கே.இ.எம். மருத்துவமனையில் இந்தப் பள்ளியைத் தொடங்கினார். 1952-இல் அகில இந்தியத் தொழில்வழிச் சிகிச்சையாளர் சங்கம் உருவாயிற்று. அதே ஆண்டு உலகக் கூட்டமைப்பைத் தோற்றுவித்த பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று. இன்று கே.இ.எம்., சயான், நாயர் ஆகிய மாநகராட்சி மருத்துவமனைகளிலும், ஹாஜி அலியில் உள்ள மத்திய அரசின் மறுவாழ்வு மருத்துவ நிறுவனத்திலும் இப்பிரிவு உண்டு. தாராவியிலிருந்து சயான் மருத்துவமனைக்கு நடந்தே போய்விடலாம். அத்தனை பக்கத்தில் இருந்தும் நமக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

இருபத்து மூன்று வேலைகள்

என்னைப் பார்த்தவர் ஒரு மராட்டியப் பெண்மணி. என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். என்னைத் 'தாயி' என்று அழைத்தார். மராட்டியில் அக்கா என்று பொருள். முதல் நாளில் அவர் என் கையையும் காலையும் சோதித்தது கொஞ்சம், கேட்டது அதிகம். "நேற்று எழுந்ததிலிருந்து படுக்கும் வரை என்னென்ன செய்தீர்கள்? ஒன்றுவிடாமல் சொல்லுங்கள்" என்றார். அவர் எழுதி முடித்தபோது இருபத்து மூன்று வேலைகள் இருந்தன.

"இவற்றில் நீங்களே செய்தாக வேண்டியவை எவை?"

எல்லாமே என்றேன். சிரித்துவிட்டு அடுத்த கேள்வி கேட்டார்.

"உடம்பு இப்படி ஆன பிறகு எதை முதலில் விட்டீர்கள்?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. வந்தபோது அழுகையும் சேர்ந்து வந்தது. என் மகள் ஆங்கிலப் பள்ளியில் படித்தாள். தினமும் இரவு எட்டு மணிக்கு அரை மணி நேரம் அவளுக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்து வந்தேன். அதைத்தான் முதலில் விட்டிருந்தேன். எட்டு மணிக்கு என்னிடம் ஒன்றும் மிஞ்சவில்லை. உயிர்மெய் எழுத்துகளின் நடுவில் அப்படியே நின்றிருந்தது. குடம் தூக்குவதை விடவில்லை, மாவரைப்பதை விடவில்லை, பிள்ளைக்குத் தமிழ் சொல்லித்தருவதை விட்டிருந்தேன்.

"அப்படியானால் அந்த அரை மணி நேரத்தை மீட்பதுதான் நம் வேலை" என்றார் அந்த அம்மையார்.

வங்கிக்காரியான எனக்கு அவர் சொன்ன முறை எளிதில் பிடிபட்டது. காலையில் கணக்கில் இவ்வளவுதான் இருப்பு. மாலைக்குள் எதற்குச் செலவிடுவது என்று நாம் முடிவு செய்யாவிட்டால், முதலில் வருகிறவர் எடுத்துப் போய்விடுவார்.

அவர் சொல்லித்தந்த பாடத்தை நான்கு தலைப்பில் தருகிறேன்.

ஒன்று: எழுதிப் பார்த்தல். ஏழு நாள், மணிக்கொரு முறை, என்ன செய்தோம், அசதி பத்தில் எத்தனை என்று எழுத வேண்டும். எனக்குக் காலை எட்டரைக்கும் மாலை ஐந்துக்கும் அசதி உச்சத்துக்குப் போவது அப்போதுதான் தெரிந்தது.

இரண்டு: பிரித்தல். ஒவ்வொரு வேலையையும் நான்கில் ஒன்றாகப் பிரிக்க வேண்டும்: நான் செய்வது, பிறர் செய்வது, வேறு நாளுக்குத் தள்ளுவது, விட்டுவிடுவது. தண்ணீர் பிடிப்பது கணவருக்குப் போயிற்று. மாவு வாரம் இருமுறை கடையிலிருந்து வந்தது. இஸ்திரி போடுவதை வெளியே கொடுத்தோம். தினமும் பித்தளை விளக்கு துலக்குவது வெள்ளிக்கிழமைக்கு மாறியது.

மூன்று: இடையிடையே ஓய்வு. களைத்த பிறகு ஓய்வெடுப்பது கடன் வாங்கிய பிறகு சிக்கனம் பேசுவது போல. களைக்கும் முன்பே பத்து நிமிடம் உட்கார வேண்டும். இதைப் பழக எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. பகலில் சும்மா உட்கார்ந்தால் குற்ற உணர்வு வரும்படியாகவே நாம் வளர்ந்திருக்கிறோம்.

நான்கு: வீட்டையும் பொருளையும் மாற்றுதல். சமையலறையில் உயரமான ஸ்டூல் போட்டேன். நறுக்குவதும் தாளிப்பதும் உட்கார்ந்தபடி. ஐந்து லிட்டர் குக்கருக்குப் பதில் சிறியவை இரண்டு. பாத்திரத்தைத் தூக்காமல் மேடையில் நகர்த்துவது. வடிப்பதை விட்டுக் குக்கர் சாதம். கரண்டியின் காம்பிலும் பேனாவிலும் துணி சுற்றித் தடிமனாக்கினோம். மெல்லிய காம்பைவிடத் தடித்ததைப் பிடிக்கக் குறைந்த வலு போதும். ரவிக்கைக் கொக்கிகளுக்குப் பதில் வெல்க்ரோ தைத்துக்கொண்டேன். குளியலறையில் சுவரில் கைப்பிடி, வழுக்காத விரிப்பு, பிளாஸ்டிக் நாற்காலி. பூஜைப் படங்களைத் தரையிலிருந்து நின்று கும்பிடும் உயரத்துக்கு ஏற்றினோம். சூட்டைக் கால் உணராது என்பதால், குளிக்கும் நீரைப் புறங்கையால் தொட்டுப் பார்த்த பிறகே ஊற்றுவேன். மறதிக்குச் சமையலறைக் கதவில் ஒரு சிலேட்டு.

இவற்றில் ஒன்றுகூடப் பெரிய செலவு அன்று. ஆனால் எல்லாம் சேர்ந்து மூன்று மாதத்தில் அந்த அரை மணி நேரத்தைத் திருப்பித் தந்தன. எட்டு மணிக்கு முன்னதாக, மாலை ஏழுக்கே தமிழ்ப்பாடம். ஐந்தரைக்கு அதற்காகவே படுத்து ஓய்வு. விட்ட இடத்திலிருந்து தொடங்கினோம்.

இது என் ஒருத்தியின் அனுபவம் மட்டுமன்று. அமெரிக்காவில் 169 எம்.எஸ். நோயாளிகளைக் கொண்டு நடந்து 2005-இல் வெளியான ஆய்வொன்று உண்டு. வாரம் இரண்டு மணி நேரம், ஆறு வாரம், தொழில்வழிச் சிகிச்சையாளர்கள் இதே சக்திச் சேமிப்பு முறைகளைக் கற்றுக்கொடுத்தார்கள். அசதியால் வாழ்க்கையில் நேரும் பாதிப்பு குறைந்தது. இச்சிகிச்சை நரம்பின் உறையை மீண்டும் வளர்த்துவிடாது. மருந்துக்கு மாற்றும் அன்று. சக்தியைச் சேமிப்பதென்றால் படுத்தே கிடப்பது என்றும் பொருள் கொள்ளக்கூடாது. முற்காலத்தில் இந்நோய்க்கு ஓய்வே மருந்து என்றார்கள். அளவான உடற்பயிற்சி நல்லது என்பதே இன்றைய அறிவுரை.

வெயிலும் எம்.எஸ். நோயும்

மும்பைவாசிகள் இதைத் தனியே அறிய வேண்டும். உடல் சூடு அரை டிகிரி கூடினாலும் பலருக்குப் பார்வை மங்கும், கால் தள்ளாடும். 1890-இல் ஊட்டோஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர், உடலை வருத்தி உழைத்தபின் பார்வை மங்குவதை எழுதிவைத்தார். காரணம் சூடு என்பது பின்னர் தெரிந்தது. உறையிழந்த நரம்பு சூட்டில் செய்தியைக் கடத்தத் திணறுகிறது. உடல் குளிர்ந்ததும் சரியாகிவிடும். இதனால் நோய் முற்றுவதில்லை. ஆகவே மே மாதத்தில் சமையலைக் காலை ஏழுக்குள் முடித்து, கழுத்தில் ஈரத்துண்டு போட்டு, மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போவதை வெயில் ஏறும் முன் வைத்துக்கொள்ள வேண்டும். வெயில் காரணமில்லாமல், காய்ச்சலும் இல்லாமல், புதிய அறிகுறி ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடக் கூடாது.

வாசலில் இரண்டு வரிச் செங்கல்

நிற்க. தலைப்பில் அனுபவப் பாடம் என்று போட்டதற்குக் காரணம் இனிமேல் சொல்லப்போவதே.

துன்பத்திலிருந்து மீண்டெழும் திறனைப் பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள். அது சிலருக்குப் பிறவியில் வாய்க்கும் துணிச்சல் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. 2005 வெள்ளத்துக்குப் பின் மும்பைக்காரர்களின் நெஞ்சுரத்தைப் பத்திரிகைகள் புகழ்ந்தன. எனக்குத் தாராவி வீடுதான் நினைவுக்கு வந்தது. என் தந்தையார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். ஆண்டுதோறும் ஜூன் பிறக்கும் முன் வாசலில் இரண்டு வரிச் செங்கல் வைத்துச் சிமெண்டு பூசுவார். அரிசி டின்னையும் எங்கள் பள்ளிச் சான்றிதழ் இருந்த டிரங்குப் பெட்டியையும் பரணில் ஏற்றுவார். மழை வந்து தண்ணீர் புகுந்தால் பக்கத்து வீட்டாரும் நாங்களும் சேர்ந்தே இறைப்போம். அவர் துணிச்சலைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. செங்கல் வைப்பார், பெட்டியை ஏற்றுவார், பக்கத்து வீட்டாரைக் கூப்பிடுவார்.

நான் பல்லைக் கடித்திருந்த இரண்டரை ஆண்டுகளை எல்லோரும் தைரியம் என்பார்கள். அது தைரியமாக இருக்கலாம். ஆனால் அதனால் என் கால் வெந்தது, மகளின் தமிழ் நின்றது. அதன்பின் வந்ததுதான் மீட்சி. அது ஸ்டூலிலும் சிலேட்டிலும் கைப்பிடியிலும், உதவி கேட்ட வாயிலும் இருந்தது.

உதவி கேட்க வேண்டுமென்றால் நோயைச் சொல்லியாக வேண்டும். அதுதான் எனக்கு மிகக் கடினமான பாடம். ஊரில் சொந்தபந்தம் சூழ இருப்போருக்குக் கேட்காமலே கை நீளும். இங்கே நமக்குப் பக்கத்து வீட்டார்தான் உறவு. சொல்லாவிட்டால் அவர்களுக்குத் தெரியாது. முதலில் தாயாரிடம் சொன்னேன். "இவ்வளவு நாளா ஏம்ட்டி சொல்லல?" என்று ஒரு கேள்விதான். அதன்பின் அவர்கள் 'படுத்துக் கெடக்க' என்று சொன்னதே இல்லை. பிறகு மாடியில் குடியிருப்பவர்களிடமும் அலுவலகத்திலும் சொன்னேன். பணம் எண்ணும் கவுண்டரிலிருந்து உள்வேலைக்கு மாற்றித் தந்தார்கள். உள்ளூர் ரயிலில் மாற்றுத்திறனாளிகள் பெட்டியில் ஏறத் தொடங்கினேன். பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறாய் என்று சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. கோபப்படாமல் சொல்லிப் புரியவைக்கப் பழகினேன்.

மகளின் வரன் விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 2021-இல் பேச்சு தொடங்கியதும் முதல் சந்திப்பிலேயே சொன்னோம். ஓரிடம் கைவிட்டுப் போயிற்று. வருத்தமாகத்தான் இருந்தது. மறு இடத்தில் நேராகவே கேட்டார்கள்: இது பரம்பரையாக வருமா? மருத்துவர் எங்களுக்குச் சொன்னதைச் சொன்னோம். தாய்க்கோ தந்தைக்கோ இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதல்தான். ஆயினும் நூற்றில் இரண்டு மூன்று என்ற அளவே. நூற்றில் தொண்ணூற்றேழு பிள்ளைகளுக்கு வருவதில்லை. 2023-இல் மாட்டுங்காவில் திருமணம் நடந்தது. அன்றைக்கும் என் நாளை முன்கூட்டியே எழுதினேன். வாசலில் நாற்காலியில் அமர்ந்து வரவேற்றேன். முகூர்த்தம் முடிந்து ஒரு மணி நேரம் உள்ளறையில் படுத்தேன். பரிமாறும் பொறுப்பை நாத்தனார் எடுத்துக்கொண்டார். அழைப்பிதழின் தமிழ் வாசகத்தை எழுதியவள் என் மகள். ஒற்றுப்பிழை ஒன்றே ஒன்று இருந்தது, திருத்திக் கொடுத்தேன்.

தெரிந்துகொள்ள வேண்டியவை

1985 முதல் மும்பையைத் தலைமையிடமாகக் கொண்டு இந்திய மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் சங்கம் இயங்கிவருகிறது. சென்னை உள்ளிட்ட நகரங்களில் கிளைகள் உண்டு. அங்கே இதே நோயுள்ள பிறரைச் சந்திக்கலாம். எனக்கு அது மருந்துக்கு நிகரான துணையாக இருந்தது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்நோய் ஊனங்களின் பட்டியலில் பெயரோடு இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் இருபத்தொரு வகைகளில் மல்டிபிள் ஸ்கிளீரோசிஸும் ஒன்று. பாதிப்பு 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் என்று மருத்துவச் சான்று பெற்றால் சட்டத்தின் பல சலுகைகளைக் கோரலாம். அடையாள அட்டை வாங்க வெட்கப்பட வேண்டாம். நோயாளிக்கு மனச்சோர்வு நீடித்தால் அதையும் நோயின் ஒரு பகுதியாகக் கருதி மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வீட்டில் இந்நோய் இல்லாதவர்களுக்கும் இப்பாடம் பயன்படும். பக்கவாதம், மூட்டுவலி, முதுமை எதுவானாலும் தொழில்வழிச் சிகிச்சையாளரிடம் அனுப்பச் சொல்லி மருத்துவரைக் கேளுங்கள். நோயாளியைப் பார்க்கப் போகும்போது "மனசைத் தளரவிடாதீங்க" என்பதோடு நிறுத்தாமல், "உங்க வேலையில எதை நான் எடுத்துக்கட்டும்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுச் செய்யவும் செய்யுங்கள்.

செம்பூர் சேடாநகர் முருகன் கோயிலுக்கு 108 படிகள். முன்பெல்லாம் கார்த்திகைதோறும் ஒரே மூச்சில் ஏறுவேன். நோய் வந்தபின் இருபது படிக்கு ஓர் ஓய்வென்று கணக்கு வைத்து ஏறினேன். கடந்த இரண்டு ஆண்டுகளாக ஏறுவதில்லை. என் நோய் கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறுகிறது. கீழேயே நின்று கும்பிட்டுவிட்டு வருகிறேன். படியேறும் வலுவை மாலைக்கு வைத்துக்கொள்கிறேன். எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் நான்கு பேர் இப்போது ஏழு மணிக்குத் தமிழ் படிக்க வருகிறார்கள். உயிர்மெய் வரிசை முடியப் போகிறது.

மே 30 உலக எம்.எஸ். நாள். அன்றைக்காவது இந்நோயுள்ள ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள்.